கயிற்றில் ஒன்பது பேர்

காலை ஏழு இருபதுக்குத் தபால்காரர் போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான்.

"தம்பி, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கட்டில்லேர்ந்து காலைக் கீழ வைக்க முடியல."

"அப்ப இன்னைக்கு நடை?"

"மையத்து ஆபீஸ் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். யாருக்குப் போன் போட்டாலும் எடுக்கல. நீ தனியாப் போகக் கூடாது, அது விதி." மூச்சு வாங்கினார். "ஆனா பிள்ளைங்க பனியில வந்து நிக்கும்."

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மேல்படிப்புக்காக நாடு விட்டு நான் அந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதல் மூன்று மாதம் கல்லூரி விட்டால் அறை, அறை விட்டால் கல்லூரி. கடையில் "பை வேணுமா?" என்று கேட்கும் பெண்ணைத் தவிர அந்த ஊர்க்காரர் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போதுதான் நூலகச் சுவரில் சமூக மையம் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தேன். விடியும் முன்பே வேலைக்குப் போய்விடும் பெற்றோர்களின் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போக ஆள் தேவை, சம்பளம் கிடையாது என்று போட்டிருந்தது. பெயர் கொடுத்தேன். போலீஸ் சான்றிதழ் வாங்கினேன். அரை நாள் பயிற்சிக்கும் போனேன். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், பிள்ளைகளைத் தொடக் கூடாது, யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று அங்கே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "படிக்கப் போனியா, பிள்ளை மேய்க்கப் போனியா?" என்றாள். என் அறைத் தோழன் அதற்கும் மேலே. அவன் படிப்பது உணவுத் தொழில்நுட்பம். ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும் பொடி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான் என்பதால் எங்களுக்கு அவன் வக்கீல்.

"டேய், ஊர்க்காரன் பக்கத்துல நிக்கும்போது பிள்ளை தடுக்கி விழுந்தா அது விபத்து. நீ பக்கத்துல நிக்கும்போது விழுந்தா அது கேஸ். உன் பேர்ல ஒரு புகார் வந்தாப் போதும், விசா அம்போ."

அன்று காலையும் போர்வைக்குள்ளிருந்தே கேட்டான். "தனியாவா போற?"

"வேற என்ன பண்ண?"

"போகாம இரு. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

அது உண்மைதான். மையத்தில் கொடுத்த பச்சை மஞ்சள் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பனிமூட்டம் கம்பளி போலத் தொங்கியது. எங்கள் கயிறு நீல நிறம். முழத்துக்கு ஒரு வளையம், மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு வரும். வழக்கமாகத் தபால்காரர் முன்னால் போவார், நான் பின்னால். அன்று நான் ஒருவன். பின்னால் நடந்தால் சாலையில் வரும் வண்டி தெரியாது. முன்னால் நடந்தால் கயிற்றின் கடைசி தெரியாது. முன்னால் நடந்தேன்.

சலவைக்கடை மூலையில் மூன்று பேர், அடுத்த திருப்பத்தில் இரண்டு பேர், மருந்துக்கடை வாசலில் மூன்று பேர். மொத்தம் எட்டு. எல்லோரும் மழைக்கோட்டின் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்ததால் யார் யார் என்றே தெரியவில்லை. பெயர் கேட்டுப் பட்டியலில் குறித்துக்கொண்டேன்.

"தபால் தாத்தா எங்க?" என்றாள் முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி.

"உடம்பு சரியில்ல."

"செத்துடுவாரா?"

"இடுப்புதான் வலிக்குது. நட."

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, ஒரே மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் நீளமான தெருவைக் கடந்து, பெரிய சாலைக்கு வந்தோம். சிக்னல் விழக் காத்திருந்தோம். குறுக்கே நடந்து மறுபக்கம் சேர்ந்ததும் தலைகளை எண்ணினேன். அவர்கள் மொழியில் மற்றதெல்லாம் பேசிவிடுவேன், எண்ணுவது மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும். பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. கூடவே கத்துவார்கள்.

"ஒன்னு! ரெண்டு! மூணு!"

எட்டில் நிற்க வேண்டியது நிற்கவில்லை.

"ஒம்போது!" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள்.

திரும்ப எண்ணினேன். கயிற்றின் நுனி வரை போய் விரல் நீட்டி எண்ணினேன். ஒன்பது.

ஒரு தலை குறைந்தால் என்ன செய்வது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூடினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கடைசி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உருவத்துக்கு நான்கு வயதுகூட இருக்காது. மழைக்கோட்டுக்குக் கீழே இரவு உடை. காலில் பெரியவர்கள் போடும் வீட்டுச் செருப்பு, நனைந்து கறுத்திருந்தது.

"இவ யாரு?" என்று முன்னால் நின்றவர்களைக் கேட்டேன்.

"பாலத்துக்கிட்ட வந்து சேந்தா" என்றாள் பல் விழுந்தவள். "நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

 இந்த நிமிடம் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பாள். தெருவுக்கு ஓடி வந்து கத்துவாள். யாராவது சொல்வார்கள், ஒரு வெளிநாட்டுக்காரன் கயிற்றில் கட்டிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனான் என்று. கூட இன்னொரு பெரியவர் இல்லை. பட்டியலில் இவள் பெயர் இல்லை. இவளை நான் எங்கிருந்து, எப்படி, ஏன் கூட்டி வந்தேன் என்று கேட்டால், தெரியாது என்பதுதான் என் ஒரே பதில். அந்தப் பதிலை நானே நம்ப மாட்டேன்.

"பாப்பா, உன் பேரென்ன?"

அவள் என் சட்டையின் மின்னும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி வாசல் இன்னும் இருநூறு அடி. மற்ற எட்டு பேரையும் சாலையோரத்தில் விட்டுவிட்டு இவளைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. நடந்தோம். எதிரே வந்த ஒவ்வொரு ஆளும் என்னையே பார்ப்பது போலிருந்தது. ஒரு பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பனியிலும் எனக்கு முதுகு வேர்த்தது.

வாசலில் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் டீச்சர் பட்டியலைப் பார்த்தார். எட்டு பேரை உள்ளே அனுப்பினார். ஒன்பதாவதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இது நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையே. யாரு?"

"தெரியல டீச்சர். வழியில தானா வந்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டா. நான் கவனிக்கல."

"கூட வர்ற பெரியவர் எங்க?"

"வரல."

அவர் முகம் மாறியது. "சரி, விட்டுட்டுப் போங்க. நான் போலீசுக்குச் சொல்றேன்" என்றார்.

போகலாம். அந்த ஒரு சொல் எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்து மணிக்கு வகுப்பு. பேருந்து ஏறிவிட்டால் நான் யாரோ, இவள் யாரோ. கயிற்றைச் சுருட்டப் போனேன். அவள் வளையத்தை விடவில்லை. குனிந்து, "பாப்பா, விடும்மா" என்றேன்.

"அம்மா எந்திரிக்கல" என்றாள்.

"தூங்குறாங்களா?"

"இல்ல. கண்ணு திறந்திருக்கு." கொஞ்சம் யோசித்து, "தண்ணி ஓடுது" என்றாள்.

டீச்சர் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். "ஆமா, ஆம்புலன்சும் வேணும். வீடு எதுன்னு பிள்ளைக்குச் சொல்லத் தெரியல. எந்தத் தெரு?" என்று என்னைப் பார்த்தார்.

"பாலத்துக்கிட்ட சேந்தான்னா அந்த நீளத் தெருவா இருக்கணும். நம்பர் தெரியாது."

"அந்தத் தெருவுல நூறு வீடு இருக்கே!"

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்க வாயெடுத்தேன். டீச்சர் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை. நான் அப்படியொன்றும் தைரியசாலி இல்லை. தெருநாய் குரைத்தால் மறுபக்கம் போகிறவன். அவள் சொன்ன அந்தத் திறந்த கண்தான் என்னைத் துரத்தியது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அதை நோக்கியே ஓடினேன் என்று நினைக்கிறேன்.

தெருவின் இரு பக்கமும் ஒரே மாதிரி மூன்று படி, ஒரே மாதிரி பழுப்புக் கதவு. பனியில் நான்கு வீட்டுக்கு மேல் தெரியவில்லை. எந்தக் கதவாவது திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். கதவில் காதை வைத்தேன். தபால் போடும் துளையைத் தூக்கி உள்ளே பார்த்தேன். ஒரு வீட்டில் யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் வானொலி. திருடன் எப்படி நோட்டம் விடுவானோ அப்படித்தான் நான் செய்ததெல்லாம்.

"என்னய்யா தேடுற?"

நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

"ஒரு அம்மா... ஒரு சின்னக் குழந்தை இருக்கிற வீடு. அவங்க விழுந்து கிடக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"யார் நீ?"

சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதிச் சொல் வெளியே வரவில்லை, மீதிச் சொல் தப்பாக வந்தது. அவர் நாயைக் கிட்டே இழுத்துக்கொண்டு போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று கேட்காமலே தெரிந்தது. நான் அடுத்த படிக்கு ஓடினேன். அதற்கடுத்த படிக்கு.

பதினோராவதோ பன்னிரண்டாவதோ, ஒரு கதவு உள்ளங்கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

"யாராவது இருக்கீங்களா?"

கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

வாசல்படியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து நொடிதான் இருக்கும், ஆனால் அந்தப் பத்து நொடியில் அம்மாவின் முகம், கல்விக் கடன் வாங்கிய வங்கியின் வாசல், விமான நிலையத்தில் என்னைத் திருப்பி அனுப்பும் வரிசை, எல்லாம் வந்து போயின. பிறகு கால் உள்ளே போனது.

குறுகலான நடைவழி. கோட்டு மாட்டும் கொக்கிக்கு அடியில் ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதில் ஏறித்தான் அந்தக் குழந்தை தன் மழைக்கோட்டை எடுத்திருக்க வேண்டும். நடைவழியின் கடைசியில் சமையலறை. குழாய் திறந்தபடி இருந்தது. மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் அந்தப் பெண் அலமாரியில் முதுகு சாய்ந்தபடி சரிந்து கிடந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். தலைமுடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் இருந்தது. அவள் மடியிலும் தரையிலும் ரொட்டித் துண்டுகள். மகள் ஊட்டப் பார்த்திருக்கிறாள்.

செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என் கை தானாகப் போனில் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தியது. அந்தப் பக்கம் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள்.

"மூச்சு வருதா பாருங்க."

"தெரியல."

"பக்கத்துல போங்க. வாய்க்கிட்ட காதை வைங்க."

போனேன். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். "வருது! வருது!"

"போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. அவங்களை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. முழங்காலை மடக்கிவிடுங்க. கையைத் தலைக்கு அடியில குடுங்க."

தொட வேண்டும். முன்பின் தெரியாத பெண், தனியான வீடு. அவள் தோளைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. ஒருவழியாகத் திருப்பினேன். அந்த நேரத்தில்தான் பின்னால் நாய் குரைத்தது.

"கையை எடுடா அவ மேலேர்ந்து!"

நாய்க்காரர். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் போனை நீட்டிப் படம் எடுத்தபடி. நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தூக்கிய கையோடு மண்டியிட்டபடியே இருந்தேன்.

"கையை எடுக்காதீங்க, அவங்க திரும்பக் கவுந்துடப் போறாங்க" என்றது தரையில் கிடந்த போன்.

நாய்க்காரர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போகவில்லை, ஆனால் அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை. நான் மறுபடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி கடைசி வரை படம் எடுப்பதை நிறுத்தவில்லை.

போலீஸ் முதலில் வந்தது, ஆம்புலன்ஸ் பின்னால் வந்தது. என்னை மாடிப்படியில் உட்காரச் சொன்னார்கள்.

"கையைத் தெரியிற மாதிரி முழங்கால் மேல வைங்க" என்றார் இளம் போலீஸ்காரர். குரலில் மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆம்புலன்சில் வந்த பெண் மயங்கிக் கிடந்தவளின் விரலில் ஊசியால் குத்திக் கருவியைப் பார்த்தாள். "சுகர் அடியோட இறங்கிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்றவள் முடிக்காமல் நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கினாள்.

மாடிப்படியிலிருந்து சமையலறை நேராகத் தெரிந்தது. மருந்து ஏற ஏற அந்தப் பாதிக் கண்ணில் ஏதோ வந்து உட்கார்ந்தது. இமை அடித்தது. கண் சுற்றிச் சுற்றி வந்து என் மேல் நின்றது. நான் சிரிக்க முயன்றேன்.

அவள் அலறினாள்.

அப்படியொரு அலறலை நான் கேட்டதில்லை. தன் வீட்டு மாடிப்படியில் முகம் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வேறு என்ன செய்வாள்? "யாரு அது? யாரு அது?" என்றவள் சட்டென்று எழப் பார்த்தாள். "என் பொண்ணு எங்க?"

 இளம் போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பொண்ணு?"

அங்கே வந்திருந்த யாருக்கும் குழந்தையின் கதை தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் சொன்னது ஒரு பக்கம் போயிருக்கிறது. நாய்க்காரரின் புகாரை வைத்து இவர்கள் ஒரு பக்கம் வந்திருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். ஐந்து மாதமாகக் கற்ற மொழி முழுவதும் காலியாக இருந்தது. "ஸ்கூல்ல இருக்கா, பாப்பா ஸ்கூல்ல இருக்கா" என்று தமிழில்தான் வந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. அந்தத் தாய் என் வாயையே பார்த்தாள். கண்ணை மூடி ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, அவர்கள் மொழியில் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல இருக்கா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று புரிந்தது.

போலீஸ்காரர் எனக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். இன்னொருவர் கம்பியில்லாக் கருவியில் பேசினார். பதில் வர நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் அந்தத் தாய் என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை, வெறுமனே பார்த்தாள். நான் முழங்கால் மேலிருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவியில் டீச்சரின் பெயர் கேட்டது, பள்ளியின் பெயர் கேட்டது. "பத்திரமா இருக்கா. பால் குடிச்சுக்கிட்டிருக்காளாம்" என்றார் போலீஸ்காரர். தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த வீட்டில் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. மறுநாள் வாக்குமூலம் கொடுக்க வரச் சொன்னார்கள். அன்றிரவு தபால்காரர் போன் செய்தார்.

"நான் உன்னைப் போகச் சொன்னேன்னு சொல்லிடு தம்பி. எனக்கு வயசாச்சு, என்னை என்ன பண்ணிடுவாங்க?"

"நீங்க சொல்லலியே."

"சொன்ன மாதிரிதான்."

வக்கீல், "நான் அப்பவே சொல்லல?" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்ல வந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தான். மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு என்னோடு காவல் நிலையத்துக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தனியாகப் போனது என் முடிவு என்றும் சொன்னேன்.

மையத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும் வரை நடைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். கல்லூரிக்கும் தெரிவிப்பார்களா என்று அதில் இல்லை. மூன்று வாரம், மெயில் வந்த ஒலி கேட்டால் வக்கீலைத்தான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வேன். அம்மா போனில், "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்பாள். சளி என்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, கல்லூரிக்கு அந்தத் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். வேறு வழியாகப் போனால் அரை மணி நேரம் சுற்று. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.

"நில்லுங்க."

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்திருந்தது. இடைவெளியில் அவள் முகம்.

"நீங்க போலீஸ்ல என்ன சொன்னீங்க?"

"நடந்ததைத்தான் சொன்னேன்."

"என் பொண்ணு தனியா வெளிய வந்தான்னு சொன்னீங்களா?"

"ஆமா."

 "மூணு தடவை வந்துட்டாங்க, குழந்தைகள் துறையிலேர்ந்து. பாத்ரூம் வரைக்கும் பாத்தாங்க. தனியா வளர்க்கிறவ, இந்த வியாதி வேற இருக்கு, பிள்ளையைப் பாத்துக்க முடியுமான்னு கேக்கிறாங்க. எனக்கு இங்க யாரும் கிடையாது. அவளைக் கொண்டுபோயிடுவாங்களோன்னு ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கேன்."

 என் பயத்தையே இத்தனை நாள் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் பயத்தின் பக்கத்தில்கூட என்னுடையது நிற்காது. "மன்னிச்சிடுங்கன்னு சொல்லவும் தெரியல" என்றேன். "சொல்லாம இருந்திருக்கவும் முடியாது."

"தெரியும்." அவள் சங்கிலியை எடுக்கவில்லை. நன்றி என்று சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. "காலையில யாராவது ஒருத்தர் வந்து என்னைப் பாக்கிற மாதிரி ஏற்பாடு இருந்தா நல்லதுன்னு அந்த ஆபீசர் சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரியைக் கேக்க எனக்கு இஷ்டமில்ல. நீங்க தினம் இந்த வழியாத்தான போறீங்க?"

"ஆமா."

"எட்டு மணிக்கு மணி அடிப்பீங்களா? உள்ள வர வேணாம். நான் வந்து கதவைத் திறந்தாப் போதும். திறக்கலைன்னா உங்களுக்குத் தெரியும்."

வக்கீலிடம் கேட்டிருந்தால் எழுத்து மூலம் வாங்கிக்கொள் என்றிருப்பான். நான் சரி என்றேன்.

மையத்து விசாரணை எச்சரிக்கையோடு முடிந்தது. கல்லூரிக்கு எதுவும் போகவில்லை. குழந்தைகள் துறையிலிருந்து வருவது மாதம் ஒருமுறை என்று குறைந்தது. குழந்தை அவளோடுதான் இருக்கிறாள்.

ஆனால் எட்டு மணி இருக்கிறதே, அது தினம் வருகிறது. மூன்று படி ஏறி மணியை அழுத்துவேன். உள்ளே அது ஒலிப்பது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அவள் சில நாள் உடனே வருவாள். சில நாள் குளியலறையில் இருப்பாள், சில நாள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். எனக்கு அது எப்படித் தெரியும்? நான் படியில் நின்று, கதவின் பழுப்பு வண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டுவேன். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

இன்று காலை வெகு நேரம் ஆயிற்று. இரண்டாவது தடவை அழுத்தினேன். விரல் மரத்துப்போயிருந்தது. மூன்றாவது தடவை அழுத்தக் கையைத் தூக்கியபோது சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. முதன்முறையாகக் கதவு முழுவதும் திறந்தது. அவள் ஈரத் தலையோடு நின்றாள்.

"இருக்கேன்" என்றாள். "போங்க, வகுப்புக்கு நேரமாச்சு."